வழி சொன்ன குரல்

'பக்கக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு அப்புறம் நீங்கள் சொல்லவில்லை.'

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில், 'உதவி வேண்டுமா?' என்ற கட்டத்துக்குள் அன்று காலை வந்து கிடந்த செய்தி அவ்வளவுதான். பெயர் இல்லை, ஒரு வணக்கம்கூட இல்லை. படித்ததும், அந்தத் தளத்தைக் கவனிக்கும் அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் இன்று வார விடுமுறை என்பது உறைத்தது. பெரிய கதவு பூட்டிக் கிடக்கிறது. கட்டடத்துக்குள் அவள் ஒருத்தி, கேட்டருகே வாட்ச்மேன் ஒருவர். நேற்று வந்துபோன யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கண் தெரியாதவர், காது கேளாதவர், விரலை அசைக்க முடியாதவர் என்று யார் வந்தாலும் அந்தத் தளத்தில் முட்டிக்கொள்ளாமல் உலவ வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பாதி வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவள் கணவர். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டிலிருந்தபடி ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டிச் சரிசெய்து கொடுக்கிறவர்; காதை வைத்துப் பிழைக்கிற மனுஷர். பார்வையில்லாமல் வருகிறவர்களுக்காக, வாசலிலிருந்து ஒவ்வொரு கூடத்துக்கும் வழி சொல்லும் பக்கங்களை அவள் எழுதத் தொடங்கியபோது அவர் சொன்னார்: "அடி எண்ணிச் சொல்லாத. என் கால் வேற, உன் கால் வேற. சுவரு எங்க முடியுது, தரை எங்க மாறுது, எங்க என்ன சத்தம் கேக்குது, அதச் சொல்லு போதும்." மெஷின் குரல் வேண்டாம், நீயே பேசிப் பதிவு செய் என்றதும் அவர்தான். "உன் குரல்னா நானே தினம் வந்து கேப்பேன். வீட்டுலதான் திட்டா விழுது, அங்கயாவது மரியாதையா பேசுவ இல்ல?"

கணினி இல்லாதவர்களுக்காகக் கூடத்துக்குக் கூடம் ஒரு பேசும் பெட்டி வைத்திருந்தார்கள். அதே தளத்தைக் குரலில் படித்துக்காட்டும் பெட்டி. அதற்கு ஒரே ஒரு பெரிய பட்டன். பெட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். வேண்டியது வரும்போது தட்டினால் போதும். எழுதுவதும் அப்படியே. எழுத்துகளை வரிசையாகச் சொல்லும், தட்டினால் அந்த எழுத்து விழும். ஒரு வரிக்குப் பாதி நாள் போய்விடும்தான், ஆனாலும் எழுதிவிடலாம். "விரலே வேண்டாம், முழங்கை இருந்தா போதும்" என்று அவள் கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

போன வாரம் வந்ததும் இதே ஆளின் செய்தியாகத்தான் இருக்க வேண்டும். 'பின்கூடத்திலிருந்து வெளியே வரும் வழி இல்லை' என்று அதில் இருந்தது. அவளுக்குச் சுரீரென்றது. உள்ளே வர வழி சொல்லிவிட்டு, போக வழி சொல்லாமல் விட்டிருக்கிறோமே, இது என்ன லட்சணம்? பார்வையுள்ளவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு இடது சுவர் வலது சுவராகிவிடும், எல்லாமே புது வழி. யார், என்ன குறை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கக் கூடாது, கேட்டதைச் செய்துகொடுக்க வேண்டும், அதுதான் இந்த வேலையின் மரியாதை. பின்கூடத்திலிருந்து பக்கக் கதவு வரைக்கும் அன்றே பேசிப் பதிவு செய்து போட்டாள். இப்போது அதற்கு மேல் கேட்கிறார். நியாயம்தானே?

வழியைப் பதிவு செய்யும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் நடப்பாள். கண் திறந்திருந்தால் சொல்ல வேண்டியது விட்டுப்போகும். அன்றும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைச் சுவரில் வைத்து, நடைபாதையின் பாதியிலிருந்து தொடங்கினாள். மழை வருமோ வராதோ என்று மூடிக்கொண்டு நின்ற மதியம். கூரையில் புறா குறுகுறுக்கும் சத்தம், எங்கோ குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம், தன் செருப்பின் சத்தம், இவற்றுக்கு நடுவே பழைய மரத்துக்குப் பூசுகிற எண்ணெயின் வாடை, அடியில் சேற்று வாடை. முழங்கை உயரத்தில் சுவர் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. "சுவர் முடிந்ததும் முகத்தில் காற்று படும். அதுதான் பக்கக் கதவு. கைப்பிடி கிடையாது, எந்தப் பக்கமிருந்து உடம்பால் தள்ளினாலும் திறக்கும்" என்று அவள் சொல்லி முடித்தபோது, முதுகுக்குப் பின்னால் ஏதோ லேசாக உரசியது. கண்ணைத் திறந்து திரும்பினாள். நடைபாதை காலியாக இருந்தது. அது வளைந்து திரும்பும் இடத்துக்கு அப்பால் இருட்டு.

கதவைத் தள்ளி, சாய்தளத்தில் இறங்கி, கேட் வரைக்கும் பேசிக்கொண்டே நடந்து கண்ணைத் திறந்தால், எதிரே வாட்ச்மேன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், கண்ணாமூச்சியா? விட்டா என்னையே பிடிச்சிடுவீங்க போல."

"அந்தச் சுவத்துல என்னங்க, எண்ணெயா?"

"அத ஏன் கேக்கறீங்க! தொடைச்சுத் தொடைச்சு என் கைதான் தேயுது. மறுநாள் பாத்தா திரும்ப இருக்கு. பின்கூடத்துலருந்து இந்தக் கதவு வரைக்கும் ஒரே கோடு. எவன் பெத்த புள்ளையோ, சுவத்தத் தடவிக்கிட்டே போகுது."

அவளும் சிரித்துவைத்தாள். மேசைக்கு வந்ததும், பின்னணிச் சத்தத்தை அப்புறம் கணவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று பதிவை அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டாள். கேட்கிறவர் காத்திருக்கிறாரே!

சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, சும்மா ஒரு தடவை கேட்டாள். 'இடது கைப்பக்கம் சுவர்' என்றது அவள் குரல். அதற்குப் பின்னால் ஒரு உரசல். 'சுவரை விடாமல் வாருங்கள்.' ஒரு உரசல். அவள் ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும், சொன்னதைச் செய்துபார்க்கிற மாதிரி, தரையில் கனமாக ஏதோ இழுபட்டது. பக்கக் கதவு வரைக்கும் அப்படி. கதவைத் தாண்டிய பிறகு சாய்தளத்தில் ஒன்றும் இல்லை, அவள் செருப்புச் சத்தம் மட்டும். கதவு வரைக்கும்தான் அதற்கு வழி தெரியும். இந்த எண்ணம் வந்ததும் டப்பாவை மூடிவைத்தாள்.

கணினிப் பிரிவில் எல்லாரும் 'ஒயர்' என்று கூப்பிடுகிறவரை அழைத்தாள்.

"என்னக்கா, லீவு நாள்லயும் நிம்மதியா தூங்க விட மாட்டீங்களா?"

"அந்த வழி கேக்கற மெசேஜ் எங்கருந்து வருதுன்னு பாத்துச் சொல்லேன்பா."

தட்டும் சத்தம். கொட்டாவி. "வெளியிலருந்து வரலக்கா. நம்ம பின்கூடத்துப் பெட்டியிலருந்துதான் எல்லாம். ராத்திரி பூரா தட்டிக்கிட்டே இருந்திருக்கு. பட்டன் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன், சரிபண்ணணும்."

பின்கூடத்தில் பார்க்க அதிகம் எதுவும் கிடையாது. ஆற்றுச் சேற்றைத் தோண்டியபோது கிடைத்த ஆள் உயர மர உருவம் ஒன்று பீடத்தில் நிற்கும். யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள், ஒருவருக்கும் தெரியாது. மரம் வெடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். அதற்கான வர்ணனையையும் அவளேதான் எழுதியிருந்தாள். முகத்தில் கண் கிடையாது, வாய் கிடையாது. காதுகள் மட்டும் ஆழமாகக் குடையப்பட்டிருக்கும். கைகள் முழங்கையோடு மழுங்கி முடியும். அதை எழுதிய நாளில் அவளுக்குப் பயமெல்லாம் இல்லை. பாவமாகக்கூட இருந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். வாட்ச்மேனைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் லீவு நாளில் ஒரு மரப்பொம்மைக்குப் பயந்தாள் என்று நாளை ஆபீஸே கைகொட்டிச் சிரிக்குமே. விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நடந்தாள். வளைவு திரும்பியதும் ஒரு பெண் குரல் கேட்டது. அவள் குரல். பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. சற்று முன் ஏற்றிய வழியாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி கிட்டே போனாள். பீடம் காலி. எண்ணெய் பூச எடுத்துப் போயிருப்பார்களோ? லீவு நாளிலா? பெட்டியின் பட்டன் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது.

அப்போதுதான் குரல் சொன்னது காதில் விழுந்தது.

'சைக்கிள் கடை ரப்பர் வாடை வந்துச்சுன்னா கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம். நம்ம வீட்டு வாசல்ல குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும்.'

அது அருங்காட்சியகத்து வழி இல்லை. அருங்காட்சியகம் இருக்கும் இதே தெருவின் கோடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், மாலையில் தன்னை அழைத்துப்போக வரும் கணவர், அவளுக்கு வேலை முடியாத நாளில் தனியே வீடு திரும்புவதற்காக அவள் பேசிப் பதிவு செய்தது. தளத்தைக் கட்டும்போது சோதனைக்கு ஒரு மாதிரி வேண்டியிருந்தது, அதையே எடுத்துப் போட்டாள். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திரையில் தெரியாதபடி மறைத்துவிட்டாள். கண்ணுக்கு மட்டும் மறைத்திருக்கிறாள்! படித்துக்காட்டும் பெட்டிக்கு அது மறையவே இல்லை. கேட் வரைக்குமான வழி முடிந்ததும், அடுத்தது இதுதான் என்று பெட்டி பாட்டுக்கு அதைப் படித்திருக்கிறது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, யார் யாருக்கோ பாடம் எடுத்துவிட்டு, தானே செய்துவைத்திருக்கிறாள். அடிப்பாவி!

'முன்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாது. தோளால ஒரு தள்ளு தள்ளினா திறந்துக்கும். உள்ள வந்ததும் வலது பக்கம் சாய்வு நாற்காலி. உக்காருங்க. நான் வந்துடறேன்.'

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். கேட் திறந்து கிடந்தது; வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். ஓடிக்கொண்டே போனில் கணவரை அழைத்தாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஹெட்போன் மாட்டியிருப்பார். எடுங்களேன்.

"என்னம்மா, சாப்டியா?"

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? என் சிம்மாசனத்துலதான். ஏன் மூச்சு வாங்குது? இரு, நீயே வந்துட்டியா என்ன? வாசல்ல சத்தம் கேக்குதே."

"நான் இல்லங்க."

"அப்ப வேற யாரோ. சுவத்த உரசிக்கிட்டே வர்றாங்க. காஞ்ச கட்டைய சிமென்ட்டுல இழுக்கற மாதிரி இருக்கு. கண்ணு தெரியாத நம்மாளு யாரோ போல, பாவம், வழி தெரியாம..."

"பேசாதீங்க! ஒரு வார்த்தை பேசாதீங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு நாற்காலி மேலயே வெச்சிட்டு உள் ரூமுக்குப் போங்க. கதவப் பூட்டிக்குங்க. நான் கூப்பிட்டாக்கூட வராதீங்க. என் மேல சத்தியம்."

அவள் குரலில் இருந்ததை அவர் காது பிடித்துக்கொண்டது. நாற்காலி கிரீச்சிட்டது. காலடிகள் விலகின. அதற்குள் முன்கதவு சுவரில் மோதித் திறந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கேட்கிறது. அது நின்று கேட்கிறது. உள்ளே எங்கோ அவர் கை எதன்மீதோ பட்டு ஒரு டம்ளர் உருண்டது. உடனே உரசல், நாற்காலியைத் தாண்டி, உள் அறைப் பக்கமாக.

ஐயோ, அவர்.

அதற்கு அவள் குரல்தான் தெரியும். அவள் சொன்னால் செய்யும். ஓடுவதை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, பதிவுகளில் பேசுகிற அதே மரியாதையான குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் இப்போது முன்னறையில் இருக்கிறீர்கள்."

உரசல் நின்றது.

"அப்படியே திரும்புங்கள். முகத்தில் காற்று படும். அது வாசல். காற்று வரும் பக்கமாக வாருங்கள்."

உரசியது. திரும்பியது. அவள் எச்சில் விழுங்கிய ஒரு கணத்தில் மறுபடி உள் அறைப் பக்கம் நகர்ந்தது. நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சத்தம் கேட்ட இடமெல்லாம் தேடும். பேசிக்கொண்டே நடந்தாள், பேசிக்கொண்டே சைக்கிள் கடையைத் தாண்டினாள், வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். "படி ஒன்று இறங்க வேண்டும். மெதுவாக."

அது இறங்கியது.

பீடத்தில் நின்றபோது இருந்த அதே மரம். ஆனால் ஈரம். எண்ணெயில் தெருப் புழுதி ஒட்டியிருந்தது. கால்கள் மடங்கவில்லை. ஒவ்வொரு காலாக, இழுத்து, வைத்து. முகம் என்று சொல்லும் இடம் அவளைப் பார்க்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து காதைக் கொடுத்தது. அவள் போனை அணைத்தாள். இனி ஒரே குரல் போதும்.

வேறெங்கே கூட்டிப்போவது? புதிதாக ஒரு வழியைச் சொன்னால் அதுவும் அதற்குத் தெரிந்துவிடும். அந்த வழியில் யார் வீடோ, யார் பிள்ளையோ. அதற்கு ஏற்கெனவே தெரிந்த வழி ஒன்றுதான். அவள் பின்னோக்கி நடந்தாள். அதன் காதுக்குள் தன் குரல் விழும் தூரத்தை விடாமல், கருங்கல் சுவர், உடைந்த நடைமேடை, கேட்டின் இரும்பு வாடை என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அழுகை வந்தது. அழுதால் குரல் உடையும். அழவில்லை.

கேட்டருகே வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கத்த வாயைத் திறந்தார். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சாய்தளம் ஏறி, பக்கக் கதவை முதுகால் தள்ளி உள்ளே போனாள். அதுவும் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நல்லதுதான். இனி இது வீட்டுப் பக்கம் போகாது. கணவர் பிழைத்துக்கொண்டார். அந்த நிம்மதியோடு கூடவே, தான் உள்ளே இருக்கிறோம் என்பது உடம்பு முழுக்கச் சில்லென்று இறங்கியது.

நடைபாதை. வளைவு. பின்கூடம். முதுகு சுவரில் முட்டியது. பீடம் பக்கத்தில். பிடுங்கிப்போட்ட பெட்டி, செத்துப்போய், உருவத்துக்குப் பின்னால். கதவும் அதற்குப் பின்னால்.

"வந்துவிட்டீர்கள். இதுதான் உங்கள் இடம். வழி இங்கே முடிகிறது."

அது பீடத்தில் ஏறவில்லை. காத்திருந்தது. அவள் பேசவில்லை. ஒரு உரசல், ஒரு அடி கிட்டே. எண்ணெய் வாடை, சேற்று வாடை. இன்னொரு அடி.

சொல்ல இனி என்ன இருக்கிறது? எல்லாம் சொல்லியாயிற்று. அதன் எதிரே மிச்சமிருப்பது ஒன்றுதான்.

"உங்களுக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள்." அது நின்றது, சாய்ந்தது. "அவளுக்குப் பின்னால் சுவர். நடுத்தர உயரம். தலைமுடியைப் பின்னிப் போட்டிருக்கிறாள்."

மழுங்கிய முழங்கை மேலே எழுந்தது. முடியைத் தொட்டது. மென்மையாக, தொட்டுப் பார்க்கிறவர்கள் தொடுகிற மாதிரி.

"நெற்றி வேர்த்திருக்கிறது. கண்கள் திறந்திருக்கின்றன."

நெற்றி. கண்கள். ஈரமான மரம் இமைமேல் அழுந்தி, விலகி, கீழே வந்தது.

"மூக்கு. கன்னம்."

அடுத்து எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அவள் சொன்ன வரிசை மாறாமல் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கைமுனை, சொல் வந்துகொண்டிருந்த இடத்தில் வந்து நின்றது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.